படகுக்கு ஆயிரம், விமானத்துக்கு லட்சம்!

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் விசைப்படகு எதிலாவது ஏறிப் பாருங்கள். படகு ஓட்டுபவர் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு சிறு பெட்டி இருக்கும். அதன் முகத்தில் கண்ணாடித் திரை. திரையில் எண்களும் கோடுகளும் ஒளிவிடும். அதுதான் ஜி.பி.எஸ். கருவி.

கரை கண்ணுக்குத் தெரியாத நடுக்கடல். நள்ளிரவு. நட்சத்திரமும் இல்லாத மப்பு வானம். அந்த நேரத்தில், “நீ இருக்கும் இடம் இது; உன் துறைமுகம் இந்தத் திசையில், இத்தனை மைல்” என்று அந்தப் பெட்டி சொல்லிவிடுகிறது. வலை விரித்த இடத்தையும் நினைவில் வைத்துக்கொள்கிறது. விலை? சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி, சில பத்தாயிரம் ரூபாயில் முடிந்துவிடுகிறது.

இதே வேலையைச் செய்யும் கருவியை இரண்டு பேரோ நாலு பேரோ அமர்ந்து செல்லும் சின்னஞ்சிறு விமானத்தில் பொருத்த வேண்டுமானால் கதையே வேறு. வானொலித் தொடர்பும் சேர்ந்த நல்ல கருவி ஒன்றின் விலை பத்தாயிரம் டாலருக்கு மேல்! நம் பணத்தில் எட்டு லட்சம் ரூபாயைத் தாண்டும். பொருத்தும் செலவு தனி. பழைய சிறு விமானம் ஒன்றை வாங்கி, அதன் முகப்புப் பலகையில் உள்ள கருவிகளை எல்லாம் புதிதாக மாற்றினால், விமானத்தின் விலையைக் கருவிகளின் விலை எட்டிப் பிடித்துவிடுவதும் உண்டு. மாட்டை விட மணிக்கு விலை அதிகம்!

தலைக்கு மேலே சுற்றும் செயற்கைக் கோள்கள் ஒன்றே. அவை அனுப்பும் சமிக்ஞை ஒன்றே. அதைப் பெறுவதற்கு யாரும் காலணா கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. அவ்வளவு ஏன்? அமெரிக்காவில் 1989-ல் தொடங்கப்பட்ட கார்மின் கம்பெனி, மீன்பிடி படகுக்கும் கருவி செய்கிறது. விமானத்துக்கும் கருவி செய்கிறது.

செய்பவர் ஒருவரே. செய்யும் வேலையும் ஒன்றே. பிறகு விலையில் மட்டும் ஏன் இந்த மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்?

யார் தலையில் விழுகிறது?

“சொந்த விமானம் வைத்திருப்பவர் பெரிய பணக்காரர். அவர் எட்டு லட்சம் கொடுத்தால் என்ன, எண்பது லட்சம் கொடுத்தால் என்ன?” என்று சிலர் நினைக்கலாம். அது சரியல்ல.

நம் நாட்டில் சிறிய விமானங்கள் அதிகமாகப் பறப்பது பயிற்சிப் பள்ளிகளில்தான். செஸ்னா 152, செஸ்னா 172, டயமண்ட் போன்ற சிறு விமானங்களில்தான் வருங்கால விமானிகள் பழகுகிறார்கள். வர்த்தக விமானி லைசென்ஸ் பெறுவதற்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த ஒவ்வொரு மணி நேரத்தின் கட்டணத்திலும் பெட்ரோல் இருக்கிறது. ஆசிரியரின் சம்பளம் இருக்கிறது. முகப்புப் பலகையில் மின்னும் கருவிகளின் விலையும் இருக்கிறது.

எண்ணூரில் ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகளோ, ராயபுரத்தில் வலை வியாபாரி ஒருவரின் மகனோ விமானியாக வேண்டும் என்று ஆசைப்பட்டால், வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்க நேரும் தொகையில் இந்தக் கருவிகளுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆகவே, இது பணக்காரர் பிரச்னை மட்டும் அல்ல.

திருவொற்றியூர்க் கணக்கு

முதல் காரணத்தைத் தெரிந்துகொள்ள வெளிநாடு போக வேண்டாம். திருவொற்றியூர் நெடுஞ்சாலை வரை போனால் போதும்.

1955-ல் இங்கிலாந்து ராயல் என்பீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து என்பீல்டு இந்தியா கம்பெனியை உண்டாக்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. அங்கே பிறந்த ‘புல்லட்’ நாடெங்கும் ஓடியது. பிற்காலத்தில் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலைகள் சேர்ந்தன. 2024-25-ம் நிதி ஆண்டில் ராயல் என்பீல்டு விற்ற மோட்டார் சைக்கிள்கள் பத்து லட்சத்துக்கு மேல்!

இனி விமானத்தைப் பாருங்கள். 2024-ம் ஆண்டில் பிஸ்டன் யந்திரம் பொருத்திய சிறு விமானங்கள் உலகம் முழுவதற்கும் சேர்த்து விற்பனையானவை 1,800-ஐக் கூட எட்டவில்லை. ஒரு நாட்டில் அல்ல. எல்லா நாடுகளிலும், எல்லாக் கம்பெனிகளும் சேர்ந்து!

ஒரு உதாரணக் கணக்குப் போடலாம். புதுக் கருவி ஒன்றை வடிவமைத்துச் சோதிக்க 10 கோடி ரூபாய் செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பத்து லட்சம் மோட்டார் சைக்கிள்களில் பொருத்தினால், வண்டி ஒன்றுக்கு விழும் பங்கு வெறும் 100 ரூபாய். அதையே ஆயிரம் விமானங்களில் பொருத்தினால் விமானம் ஒன்றுக்கு 1 லட்சம் ரூபாய்! கருவிக்குள் இருக்கும் சில்லுக்கும் கம்பிக்கும் இன்னும் ஒரு காசு கூடச் சேர்க்கவில்லை. அதற்குள் ஒரு லட்சம் ஏறிவிட்டது.

நூறு பேர் சாப்பிடும் பந்திக்கும் நாலு பேர் சாப்பிடும் பந்திக்கும் அடுப்பு மூட்டும் செலவு ஒன்றுதான். பங்கு போடுவதில்தான் வித்தியாசம்.

வாட்டி எடுக்கும் சோதனை

இரண்டாவது காரணம் சோதனை.

படகுக்கான கருவியை நல்லபடியாகச் செய்தால் போதும். விமானக் கருவியோ நல்லபடியாகச் செய்யப்பட்டது என்பதைச் சர்க்கார் அதிகாரிகளின் முன்னிலையில் நிரூபிக்க வேண்டும். செய்வதைவிட நிரூபிப்பதற்குச் செலவு அதிகம்!

இதற்கென்று உலகம் முழுவதும் ஒப்புக்கொள்ளப்பட்ட சோதனைத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. ‘டி.ஓ. 160’ என்பது அதன் பெயர். கருவியைச் சூடேற்றுகிறார்கள்; உறைய வைக்கிறார்கள். உயரத்தில் காற்று மெலிந்திருப்பது போன்ற அறைக்குள் அடைத்து இயக்குகிறார்கள். மணிக்கணக்கில் குலுக்குகிறார்கள். ஈரத்தில் ஊற வைக்கிறார்கள். பூஞ்சை படர்கிறதா என்று பார்க்கிறார்கள். எண்ணூர்க் கடற்காற்று இரும்பு ஜன்னலை என்ன பாடு படுத்தும் என்று வடசென்னைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட உப்பு மூட்டத்தில் கருவியை வைத்துப் பார்ப்பதும் இந்தச் சோதனைகளில் ஒன்று.

அதோடு விட்டார்களா? இடி மின்னல் தாக்கினால் என்ன ஆகும்? மின்சாரம் திடீரென்று ஏறி இறங்கினால் தாங்குமா? பக்கத்தில் உள்ள வானொலிக் கருவியை இது குழப்புமா? திசைகாட்டி முள்ளை இழுத்துவிடுமா? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சோதனை. ஒவ்வொரு சோதனைக்கும் ஓர் அறிக்கை.

வரிக்கு வரி சாட்சி

கருவியின் உடம்புக்குத்தான் இத்தனை சோதனை என்று எண்ண வேண்டாம். அதன் மூளைக்கும் உண்டு.

இந்தக் கருவிகளெல்லாம் கம்ப்யூட்டர்கள்தான். அவற்றை இயக்குவது நிபுணர்கள் எழுதும் கட்டளைத் தொடர், அதாவது சாப்ட்வேர். விமானச் சாப்ட்வேர் எப்படி எழுதப்பட வேண்டும் என்பதற்கு ‘டி.ஓ. 178’ என்ற விதித் தொகுப்பு இருக்கிறது. இப்போது நடைமுறையில் உள்ள அதன் திருத்தம் 2011-ல் வெளிவந்தது.

‘இந்தச் சாப்ட்வேர் தவறினால் என்ன நடக்கும்?’ என்பதுதான் அந்த விதிகளின் முதல் கேள்வி. விமானமே விழுந்துவிடும் என்றால் அது முதல் படி. ஒன்றும் ஆகாது என்றால் ஐந்தாம் படி. ஐந்தாம் படிக்கு நிபந்தனை எதுவும் இல்லை. முதல் படிக்கோ 71 நிபந்தனைகள்!

எழுதப்பட்ட ஒவ்வொரு வரியும் எந்தத் தேவைக்காக எழுதப்பட்டது என்று காட்ட வேண்டும். காரணம் இல்லாமல் ஒரு வரி கூட இருக்கக் கூடாது. ஒவ்வொரு கிளையும் சோதிக்கப்பட்டது என்பதற்கு ஆதாரம் வேண்டும். சோதனை சரியாக நடந்ததா என்பதற்கும் ஆதாரம் வேண்டும். பின்னால் ஒரு வரியை மாற்றினால், அந்த மாற்றம் எங்கெல்லாம் தொடும் என்று கண்டு, அங்கெல்லாம் மறுபடியும் சோதனை செய்ய வேண்டும்.

கைபேசியில் உள்ள செயலிகள் வாரம் ஒரு முறை தம்மைத் திருத்திக்கொள்வதைப் பார்க்கிறோம். விமானக் கருவியில் அந்த விளையாட்டு நடக்காது.

மூன்றே நிமிஷம்!

இத்தனை கெடுபிடி தேவைதானா?

நடுக்கடலில் ஜி.பி.எஸ். கெட்டுப் போனால் படகு மிதந்துகொண்டுதான் இருக்கும். நங்கூரம் போடலாம். விடியும் வரை காத்திருக்கலாம். பக்கத்துப் படகைக் கூவி அழைக்கலாம். நட்சத்திரத்தையும் நீரோட்டத்தையும் கண்டு கரை சேர்ந்த பாட்டன் பூட்டன் வித்தை இன்னும் பலருக்கு மறந்துவிடவில்லை. விமானத்துக்கு நங்கூரம் கிடையாது.

1954-ல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக் கழகத்தில் ஒரு பரிசோதனை நடந்தது. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி இல்லாத 20 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். வெளியுலகம் கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்து, மேகத்துக்குள் நுழைந்தது போன்ற நிலையை உண்டாக்கி, விமானத்தை ஓட்டச் சொன்னார்கள்.

இருபது பேரும் விமானத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் திணறினார்கள்! 19 பேர் விமானத்தைச் சுழன்று சுழன்று கீழே இறங்கும் பாதையில் கொண்டுபோய் விட்டார்கள். ஒருவர் மூக்கை மேலே தூக்கித் தூக்கி, விமானம் நிலைகுலையும்படி செய்துவிட்டார். அதற்கு ஆன நேரம் சராசரியாக 178 விநாடி. மூன்று நிமிஷம் கூட இல்லை.

மேகத்துக்குள் மனிதனின் காதும் உடம்பும் பொய் சொல்லும். சாய்ந்து பறக்கும் போது நேராகப் பறப்பதாக எண்ணத் தோன்றும். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லும் ஒரே சாட்சி முகப்புப் பலகையில் உள்ள கருவிதான். அந்தச் சாட்சி பொய் சொன்னால் அப்பீல் இல்லை!

அதனால்தான், பெரிய பிரயாணி விமானத்தை வீழ்த்தக் கூடிய கோளாறு 100 கோடி மணி நேரப் பறப்பில் ஒரு தடவைக்கு மேல் வரலாகாது என்று விதி வகுத்தார்கள். ஒற்றை யந்திரம் கொண்ட சிறு விமானத்துக்கு இது சற்றுத் தளர்த்தப்பட்டது. எவ்வளவு? 10 லட்சம் மணி நேரத்தில் ஒரு தடவை! இரவு பகலாக இடைவிடாமல் பறந்தால் அது 114 ஆண்டுகள்.

கோர்ட்டுக்குப் போன விமானங்கள்

மூன்றாவது காரணம் வழக்கு.

1978-ம் ஆண்டில் அமெரிக்கக் கம்பெனிகள் சுமார் 17,800 சிறு விமானங்களை விற்றன. அதுவே உச்சம். பிறகு சரிவு. 1994-ல் விற்றவை ஆயிரத்துக்கும் குறைவு! எரிபொருள் விலை, வட்டி விகிதம், பழைய விமானங்களின் போட்டி என்று பல காரணங்கள் உண்டு. அவற்றில் பெரிதாகப் பேசப்பட்டது நஷ்ட ஈட்டு வழக்குதான்.

விமானம் விழுந்தால் வழக்கு. முப்பது ஆண்டுகளுக்கு முன் செய்த விமானமாக இருந்தாலும் வழக்கு. வக்கீல் செலவும் இன்ஷூரன்ஸ் தொகையும் ஏற ஏற, அது ஒவ்வொரு புது விமானத்தின் விலையிலும் ஏறியது. உலகிலேயே அதிகமாகச் சிறு விமானங்கள் செய்த செஸ்னா கம்பெனி, 1986-ல் பிஸ்டன் விமான உற்பத்தியையே நிறுத்திவிட்டது.

1994-ல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது. விமானமோ அதன் பாகமோ விற்று 18 ஆண்டுகள் கடந்துவிட்டால், பொதுவாகச் செய்தவர் மீது வழக்குப் போட முடியாது என்றது அந்தச் சட்டம். அதன் பிறகே செஸ்னா மறுபடியும் சிறு விமானங்கள் செய்ய முன்வந்தது. ஆனால் பழைய விற்பனை திரும்பவில்லை. விற்பனை குறைந்தால் விலை ஏறும். விலை ஏறினால் விற்பனை குறையும். செக்கு மாடு மாதிரி இந்தத் தொழில் அந்த வட்டத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஆணிக்கும் ஜாதகம்

கருவியை வாங்கியாயிற்று. பெட்டியைப் பிரித்துப் பொருத்திவிடலாமா? கூடாது.

கருவி நல்ல கருவி என்பதற்கு ஒரு சான்று உண்டு. அதை இன்ன மாடல் விமானத்தில் பொருத்தலாம் என்பதற்குத் தனியாக இன்னொரு சான்று வேண்டும். பொருத்துகிறவர் லைசென்ஸ் பெற்ற பராமரிப்பு நிபுணராக இருக்க வேண்டும். பலகையைக் கழற்றி, கம்பிகளைப் புதிதாக இழுத்து, எடை கூடியதா குறைந்ததா, பாரம் முன்னுக்குச் சாய்கிறதா பின்னுக்குச் சாய்கிறதா என்று கணக்கிட்டு, எல்லாவற்றையும் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வாரக் கணக்கில் வேலை பிடிக்கும்.

துறைமுகத்தில் சரக்கு இறங்கும் போது ஒவ்வொரு பெட்டிக்கும் காகிதம் உண்டு. விமானத்திலோ ஒவ்வொரு பாகத்துக்கும் காகிதம் உண்டு. கடையில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் திருகாணி போலவே இருக்கும். ஆனால் எங்கே பிறந்தது, யார் சோதித்தார்கள் என்ற ஜாதகம் இல்லாமல் அது விமானத்தில் ஏற முடியாது. நம் நாட்டில் இவற்றை எல்லாம் கண்காணிப்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. 1960-களிலும் 1970-களிலும் செய்த சிறு விமானங்கள் பல, இன்றும் உலகெங்கும் பறக்கின்றன. கருவிக்குள் இருக்கும் சில்லோ சில ஆண்டுகளிலேயே சந்தையிலிருந்து மறைந்துவிடும். வேறு சில்லுப் போட்டால் மறுபடியும் சோதனை. ஆகவே கருவிக் கம்பெனி பழைய சில்லுகளை மொத்தமாக வாங்கிப் பூட்டி வைக்கிறது. பூட்டி வைத்த பணத்துக்கும் வட்டி உண்டல்லவா?

மருந்தே நோயானால்?

இதுவரை சொன்னவை எல்லாம் நியாயமாகவே படும். உயிருக்கு விலை ஏது? ஆனால் இதற்கு மறுபக்கமும் இருக்கிறது.

பாதுகாப்பான கருவி வாங்க முடியாத விலைக்குப் போனால், ஜனங்கள் என்ன செய்வார்கள்? பழைய கருவியையே வைத்துக்கொண்டு பறப்பார்கள். பாதுகாப்புக்காகப் போட்ட விதி, பாதுகாப்பையே எட்ட முடியாமல் செய்துவிடும்!

அதுதான் நடந்தது. பழைய சிறு விமானங்களில், விமானம் சாய்கிறதா நேராக இருக்கிறதா என்று காட்டும் கருவி, காற்றை உறிஞ்சும் பம்பினால் சுழலும் பம்பரம் ஒன்றைக் கொண்டது. பம்பு அடிக்கடி பழுதாகும். மேகத்துக்குள் அது பழுதானால் கதை முடிந்தது. அதைவிட நம்பகமான மின்னணுக் கருவிகள் வந்தன. சொந்தமாகக் கட்டிப் பறக்கும் ‘பரிசோதனை’ விமானங்களில் அவற்றைத் தாராளமாகப் பொருத்தினார்கள். ஏனென்றால், அவற்றுக்கு இத்தனை சான்றுகள் தேவையில்லை. சர்க்கார் சான்று பெற்ற விமானத்தில் மட்டும் பொருத்தக் கூடாது!

அமெரிக்க அதிகாரிகள் இந்த முரண்பாட்டை உணர்ந்தார்கள். 2014-ல், விமானம் தூக்குச் சக்தியை இழக்கப் போவதை முன்கூட்டியே எச்சரிக்கும் கருவி ஒன்றுக்கு விதியைத் தளர்த்தினார்கள். 2016-ல், பம்பரக் கருவிக்குப் பதிலாக மின்னணுக் கருவியைச் சான்று பெற்ற சிறு விமானங்களிலும் பொருத்த வழி திறந்தார்கள்.

அப்போதுதான் ஒரு உண்மை எல்லோருக்கும் பளிச்சென்று தெரிந்தது. 2016-ல் கார்மின் வெளியிட்ட ‘ஜி 5’ என்ற கருவியின் அறிவிப்பு விலை, பரிசோதனை விமானத்துக்கு 1,199 டாலர். அதே ஆண்டில் அதே பெயருள்ள கருவி, அனுமதிச் சான்றோடு, சான்று பெற்ற விமானத்துக்கு 2,149 டாலர்! இடையே உள்ள 950 டாலர், முத்திரைக்கும் அதைச் சார்ந்த ஏற்பாடுகளுக்கும் விழுந்த விலை. ஆயினும், அதற்கு முன் இருந்த விலைகளோடு ஒப்பிட்டால் இது மலிவு என்றே விமானிகள் வரவேற்றார்கள்.

2017-ல் சிறு விமானங்களுக்கான அமெரிக்க விதிகளே திருத்தி எழுதப்பட்டன. ‘இந்தக் கருவி இப்படித்தான் இருக்க வேண்டும்’ என்பதை விட்டு, ‘இன்ன பலன் கிடைக்க வேண்டும், எப்படிச் செய்வாயோ, காட்டு’ என்ற பாதைக்குத் திரும்பினார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே அளவுச் சட்டை தைக்காமல், அபாயத்துக்குத் தக்கபடி சோதனை என்பதே புதிய நோக்கம்.

வரி காரணமா?

நம் நாட்டில் விலை என்றால் உடனே வரியைத்தான் நினைப்போம். இந்த விஷயத்தில் வரி முக்கியக் காரணம் அல்ல. 2024 ஜூலை முதல், விமானப் பாகங்களின் இறக்குமதிக்கு நிபந்தனைகளுடன் ஒரே சீராக 5 சதவிகித ஜி.எஸ்.டி. என்று குறைக்கப்பட்டது. சொந்த உபயோகத்துக்கான விமானத்தின் மீதுதான் 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவிகிதம்.

கருவிகள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செய்யப்படுவதால், டாலர் ஏறினால் அவையும் ஏறுகின்றன. பழுது பார்க்க அனுப்பினாலும் கப்பல் செலவு, விமானச் செலவு, காத்திருக்கும் நாட்கள். பயிற்சி விமானம் ஒன்று கொட்டகையில் சும்மா நின்றால், மாணவர்களின் நாட்களும் பணமும் வீண்.

நம் நாட்டிலேயே செய்தால் என்ன? முயற்சி இல்லாமல் இல்லை. பெங்களூர் எச்.ஏ.எல். செய்த ‘புஷ்பக்’ என்ற இருவர் விமானம் 1958-ல் முதன்முதலாகப் பறந்தது. சுமார் 160 விமானங்கள் செய்து பறக்கும் கழகங்களுக்கு வழங்கினார்கள். பின்னர் பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வுக் கூடம் ‘ஹன்சா’வை உருவாக்கியது. ஹன்சா-3 விமானம் 2000-ம் ஆண்டில் சர்க்கார் சான்று பெற்றது. ஆனால் செய்தவை இருபதைக் கூட எட்டவில்லை. கண்ணாடித் திரைக் கருவிகள் கொண்ட புதிய ஹன்சா 2021 செப்டம்பர் 3-ந் தேதி பறந்தது. 2022-ல் கடல் மட்டச் சோதனைக்காகப் புதுச்சேரிக்கு வந்து போயிற்று. திறமை இருக்கிறது. எண்ணிக்கைதான் சேர வேண்டும்.

கடலோரம் காட்டும் வழி

எண்ணிக்கை சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கடற்கரையிலேயே சாட்சி இருக்கிறது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியது. கன்னியாகுமரியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை. கரையிலிருந்து எச்சரிக்கை எட்டாத தூரத்தில் அவர்கள் இருந்தார்கள். ‘படகில் கருவி இருந்திருந்தால்!’ என்று காசிமேடு முதல் குளச்சல் வரை எல்லா மீனவக் குப்பங்களும் பேசின.

‘இஸ்ரோ’ விஞ்ஞானிகள் செய்த ஆபத்து அறிவிப்புக் கருவி 2010 முதலே நடைமுறையில் இருந்தது. அதில் படகிலிருந்து கரைக்குச் செய்தி போகும். கரையிலிருந்து படகுக்குப் பதில் வராது. ‘என் குரல் கேட்டதா?’ என்று தெரியாமலே மீனவர் தவிக்க வேண்டும். 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட இரண்டாம் தலைமுறைக் கருவி, ‘கேட்டது, உதவி வருகிறது’ என்று பதிலும் சொல்கிறது.

இதோடு, 13 கடலோர மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் ஒரு லட்சம் படகுகளில் செய்தித் தொடர்புக் கருவி பொருத்த மத்திய சர்க்கார் 364 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை வகுத்தது. மொத்தச் செலவை வகுத்துப் பார்த்தால் படகு ஒன்றுக்கு 36,400 ரூபாய். மீனவருக்கு இலவசம். செயற்கைக் கோள் வழியாகப் பேசும் ஒரு கருவி இந்த விலைக்குள் அடங்குவதற்குக் காரணம், ஒரே தடவையில் ஒரு லட்சம் என்ற எண்ணிக்கை!

வானத்துக்கும் கடலுக்கும் பொதுவான பாலம் ஒன்றும் இருக்கிறது. அதன் பெயர் ‘ககன்’. இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய இந்த ஏற்பாடு, ஜி.பி.எஸ். காட்டும் இடத்தில் உள்ள பிழையைத் திருத்தி, செயற்கைக் கோள் வழியாக நாடெங்கும் இலவசமாக ஒலிபரப்புகிறது. 2022 ஏப்ரல் 28-ந் தேதி ராஜஸ்தானில் உள்ள கிஷன்கர் விமான நிலையத்தில், இண்டிகோ கம்பெனியின் விமானம் ஒன்று ககன் உதவியோடு இறங்கியது. அதே ககன் வழியாக, ‘ஜெமினி’ என்ற சிறு கருவி மூலம் மீனவரின் கைபேசிக்குப் புயல் எச்சரிக்கையும் மீன் கிடைக்கும் இடமும் போய்ச் சேரும்படி 2019-லேயே ஏற்பாடு செய்யப்பட்டது.

ஒரே செயற்கைக் கோள் விமானியையும் காக்கிறது. காசிமேட்டு மீனவரையும் காக்கிறது!

எந்த விலை குறையும்?

ஆக, விமானக் கருவியின் விலைக்குள் இரண்டு விலைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, சோதனையின் விலை. மேகத்துக்குள் மூன்று நிமிஷத்தில் போகக் கூடிய உயிருக்காகக் கொடுக்கும் விலை அது. அதில் பேரம் பேசுவது அறிவுடைமை ஆகாது. ஆனால் அபாயத்துக்குத் தக்க சோதனை போதும் என்ற விவேகம் வந்தால் அதிலும் வீண் செலவு குறையும்.

மற்றொன்று, தனிமையின் விலை. ஆயிரம் பேர் தனித்தனியாக வாங்கும் போது ஏறும் விலை. பயிற்சிப் பள்ளிகள் ஒரே வகை விமானத்துக்கு ஒன்று கூடி ஆர்டர் கொடுத்தால், நம் நாட்டுக் கருவிகளுக்குச் சான்று வழங்கும் வேலை விரைந்து நடந்தால், இந்த விலை கட்டாயம் இறங்கும். ஒரு லட்சம் படகுகள் அதைத்தான் காட்டுகின்றன.

திருவொற்றியூர்த் தேரை நாலு பேர் இழுத்தால் நகராது. ஊர் கூடி வடம் பிடித்தால்தான் நிலைக்கு வரும். வானத்தில் ஏற ஆசைப்படும் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்காக இந்த வடத்தையும் பிடிக்க வேண்டியவர்கள் பிடிக்க வேண்டும்.